ஒற்று மிகும் இடங்கள்

துவட்டாதே, ஒற்று
என்றாள் தோருன்,
அவனிடம் அல்ல, தன் கையிடம்.
குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது.
முட்டை வேகவைக்கும் கடிகாரம்
ஐந்தாம் நிமிடத்தில் கத்தி ஓய்ந்திருந்தது.
அதற்குமேல் தண்ணீரில் நின்றால்,
வெதுவெதுப்போ கொதிப்போ,
இரவு முழுக்க வட்டி கேட்கும் தோல்.

ஒற்று மிகும் இடங்கள்:
முழங்கை மடிப்பு,
மணிக்கட்டின் உட்புறம்,
மோதிரம் இருந்த விரல்.
மோதிரம் இப்போது
உப்புச் சாடிக்கு மேலே ஒரு கொக்கியில் தொங்குகிறது.
திருமணம் அப்படியேதான் இருக்கிறது.

வார்டோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்பும்.
அதுவரை மின்கணப்பு
வீட்டுக் காற்றைச் சொட்டு விடாமல் குடிக்கும்.
ஆகவே ஈரத் துணியைப் படுக்கையறையிலேயே
காயப்போடுகிறாள்.
கட்டிலைச் சுற்றிக் காலுறைகள், தலையணை உறைகள்,
ஐலிஃபின் நீண்ட உள்ளாடை;
யாரோ நாலைந்து பேர்
எட்டிப் பார்ப்பதுபோல.
முதல் வாரம் அவன் சிரித்தான்.
வாசனையில்லாத சோப்புத்தூள், இரண்டு முறை அலசல்.
எதிலும் மணமில்லாத வீட்டில்
ஒரு காபி எவ்வளவு தூரம் நடந்துவரும் என்று
அவனுக்குத் தெரிந்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

மீன் தொழிற்சாலையில்
ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை.
வேர்த்து நனைந்தால் மாற்ற
பையில் இன்னும் இரண்டு ஜோடி.
"என்ன, அறுவை சிகிச்சையா?" என்றார்
மேற்பார்வையாளர் ஹெர்முண்ட்.
"ஆமாம். ஆள் பிழைக்கிற மாதிரி தெரியல"
என்று காட் மீனின் தலையைத் தள்ளிவிட்டாள்.

களிம்பு டப்பா வாசலில் ஒன்று,
காரில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று.
உள்ளே விரல் விடக்கூடாது,
கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.
ஈரம் போகுமுன்
ரோமம் படிந்த திசையிலேயே தடவ வேண்டும்,
பூனையைக் கோபப்படுத்தாமல் வருடுவதுபோல.
ஐலிஃப் ஒருநாள் இருட்டில்
அதே கரண்டியால் சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டான்.
வழவழவென்று இருந்ததாம். குடித்துவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வாங்கி வந்தது
கம்பளிச் சட்டை.
நீலம். கழுத்தைச் சுற்றி வெள்ளை நட்சத்திரங்கள்.
எட்டு வருடம் பக்கத்தில் படுத்தவன்!
மறுநாள் நீளக்கைப் பருத்திச் சட்டைமேல் அதைப் போட்டு
அவன் கண்ணெதிரே
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு சுருட்டி
ஜன்னல் இடுக்கில் குளிர் புகாமல் அடைத்தாள்.
அங்கேயே இருக்கிறது, நட்சத்திரங்களோடு.

இரவுதான் பாடு.
ஒட்ட வெட்டிய நகமும் வழி கண்டுபிடிக்கும்.
சர், சர் என்று
பக்கத்துத் தெருவில் யாரோ பனி வாருவதுபோல.
எழுப்பினால் அழுவாள்.
எழுப்பாவிட்டால் காலையில் விரிப்பில் செம்புள்ளிகள்.
ஆகவே ஓர் ஒப்பந்தம்:
அரிக்கும் இடத்தில் அவன் உள்ளங்கையை வைத்து
அழுத்த வேண்டும்.
தேய்க்காமல். எதுவும் கேட்காமல்.
இருபது எண்ணும்வரை,
சில நாள் இருநூறு.
அவன் தூங்கிப்போனாலும் கை அங்கேயே கிடக்கும்.
ஒற்று என்றால் வேவு என்றும் பொருள்;
எங்கே சூடு, எங்கே சொரசொரப்பு,
நேற்றைக்கு இன்று எவ்வளவு தேவலை,
எல்லாம் அந்த உள்ளங்கைக்குத் தெரியும்.
அது வெளியே சொன்னதில்லை.

ஜனவரியில் ஓர் இரவு
திடுக்கிட்டு விழித்தான்.
என்ன சத்தம்?
சத்தமில்லை. அதுதான் எழுப்பியிருக்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.
பக்கத்தில் அவளும் கண் திறந்து
கேட்டுக்கொண்டிருந்தாள்.
"அரிக்கலையா?"
"பேசாதே," என்றாள், "அதுக்குக் கேட்டுடும்."

வியாழக்கிழமை மறுபடி வந்தது.
வெந்நீரில் பாத்திரம் கழுவியதாலா,
கடலிலிருந்து வந்த புயலாலா,
இல்லை சும்மாவேதானா,
யார் கண்டது.
டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
கரண்டியைத் தேடினாள்.
அது ஐலிஃபின் காபிக் கோப்பையில்
நின்றுகொண்டிருந்தது.